ஊர்ப் பொதுக் கட்டடத்துக்கு மின்சேமிப்பும் சூரியசக்தியும்: உள்ளாட்சி நிதி பெறும் முழுமையான வழிகாட்டி

நூலகம், சமூகக் கூடம், பள்ளி, குடிநீர் இறைப்பு நிலையம், தெருவிளக்கு: இவற்றின் மின்செலவைக் குறைக்கவோ, இவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை ஊரே தயாரித்துக்கொள்ளவோ உள்ளாட்சியிடம் நிதி கேட்கும் குழுக்களுக்காக இந்த வழிகாட்டி. எங்கிருந்தாலும் கேட்கும் முறை பெரிதாக மாறுவதில்லை. கோப்பில் கையெழுத்திடும் அதிகாரி நாளை தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இப்போது எத்தனை யூனிட் செலவாகிறது, வேலை முடிந்தபின் எத்தனை யூனிட் ஆகும், அதை யார் எப்படி அளப்பார்கள், ஐந்தாம் ஆண்டில் பழுதானால் யார் பொறுப்பு என்ற நான்கு கேள்விகளுக்கும் உங்கள் கோப்பில் எண்ணோடு பதில் இருந்தால் அவர் கை தயங்காது. நல்ல நோக்கம், பசுமை, எதிர்காலம் என்று பத்துப் பக்கம் எழுதினாலும் இந்த நான்கையும் அது ஈடுகட்டாது.

படி 1: பணம் எந்த வடிவில் வருகிறது என்று பாருங்கள்

எல்லோரும் முதலில் நினைப்பது நேரடி மானியம். திருப்பித் தர வேண்டியதில்லை என்றாலும் அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, பெரும்பாலான மானியங்களில் நீங்கள் செலவு செய்து ரசீது காட்டிய பிறகே பணம் வரும். இடைப்பட்ட மாதங்களுக்குக் கையில் பணம் இல்லாத குழு, ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க வழியின்றிப் பாதி வேலையில் நின்றுவிடும். எனவே தவணை முறை உண்டா, முன்பணம் எத்தனை விழுக்காடு என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். இரண்டாவது, அனுமதிக் கடிதத்தின் தேதிக்கு முன் செய்த செலவு பொதுவாக ஏற்கப்படாது. ஆர்வத்தில் முன்கூட்டியே பேனல் வாங்கிவிட்டு அந்த ரசீதை இழந்த குழுக்கள் பல.

அடுத்தது சுழல்நிதி. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாநகராட்சி 1995 முதல் இதை நடத்துகிறது. மாநகராட்சியின் எரிசக்திப் பிரிவு ஒரு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ சீரமைப்புச் செலவைக் கொடுக்கிறது. எரிசக்திக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகை, போட்ட முதல் திரும்பும்வரை அந்த நிதிக்கே போகிறது. அதே பணம் பிறகு அடுத்த கட்டடத்துக்குச் செல்கிறது. உங்கள் உள்ளாட்சியில் இப்படி ஒன்று இல்லை என்றாலும், சேமிப்பின் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டு அடுத்த பணிக்குப் பயன்படுத்துவோம் என்று கருத்துருவில் எழுதலாம். சிறிய உள்ளாட்சிகளுக்கு இந்த வடிவம்தான் மிகவும் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஒரே தொகை பல கட்டடங்களைத் தொடுகிறது.

வீட்டுக் கூரையில் சோலார் போட நகரமே பணம் கொடுத்து, அதைச் சொத்து வரியோடு சேர்த்துத் தவணையாக வசூலிக்கும் முறையை கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2008இல் தொடங்கியது. 20 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த வழி இருந்தது. வீடு கைமாறினால் கடனும் புதிய உரிமையாளருக்கு மாறும். வரிபாக்கி போலவே இந்தக் கடனுக்கும் வீட்டுக் கடனைவிட முன்னுரிமை கிடைத்ததால், 2010இல் அமெரிக்க அடமான நிறுவனங்கள் எதிர்த்தன. குடியிருப்புகளுக்கான திட்டங்கள் பல இடங்களில் முடங்கின. தனியார் வீடுகளையும் உங்கள் திட்டத்தில் சேர்ப்பதானால், அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே யாருக்கு முதல் உரிமை இருக்கிறது என்று பார்க்காமல் இறங்காதீர்கள்.

உள்ளாட்சியே பங்குதாரராக வருவதும் உண்டு. டென்மார்க்கின் சாம்சோ தீவுக்குத் தெற்கே கடலில் நிற்கும் 10 காற்றாலைகளில் 5 அந்தத் தீவின் உள்ளாட்சிக்குச் சொந்தமாக அமைந்தவை. சிறிய ஊர்களில் இதே ஏற்பாடு, கூரையை உள்ளாட்சி குத்தகைக்குக் கொடுக்க, முதலீட்டைக் குழு உறுப்பினர்கள் திரட்டுவதாக அமையலாம்.

இன்னொன்று, நிதி சில சமயம் திடீரென்று, கெடுவோடு வரும். அமெரிக்காவில் உள்ளாட்சிகளுக்கான எரிசக்திச் சேமிப்பு மானியத்துக்குச் சட்டம் 2007இல் வந்தது. பணம் 2009இல் பொருளாதார மீட்புத் திட்டத்தோடு, 320 கோடி டாலராக, ஒரேயடியாக வந்தது. ஒப்பந்தங்களை 18 மாதத்துக்குள் உறுதி செய்து, 36 மாதத்துக்குள் செலவழிக்க வேண்டும் என்பது விதி. அத்தகைய வேளையில் அளவீடும் மதிப்பீடும் முடித்துத் தயாராக வைத்திருக்கும் ஊர் முந்திக்கொள்ளும். எந்த அறிவிப்பும் வராத இன்றே படி 2ஐத் தொடங்கிவிடலாம்.

படி 2: அடிப்படை அளவீடு

கடந்த 24 முதல் 36 மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து, மாதம், யூனிட், தொகை, உச்சத் தேவை (ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச மின்சுமை) ஆகியவற்றை ஒரு அட்டவணையாக எழுதுங்கள். ஓர் ஆண்டு மட்டும் போதாது. வழக்கத்துக்கு மாறான வெயிலோ குளிரோ, கட்டடம் மூடிக்கிடந்த மாதமோ கணக்கைத் திரித்துவிடும். கட்டடம் திறந்திருந்த நாட்கள், வந்து போனவர்கள் எண்ணிக்கை ஆகியவற்றையும் பக்கத்தில் குறியுங்கள். பின்னால் சேமிப்பை நிரூபிக்கும்போது இவையே கைகொடுக்கும்.

பிறகு ஒவ்வொரு சாதனமாகக் கணக்கெடுங்கள்: எத்தனை, எத்தனை வாட், நாளுக்கு எத்தனை மணி. வாட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதிலிருந்து எடுக்காமல் வாட் காட்டும் கிளாம்ப் மீட்டர் அல்லது பிளக்கில் செருகும் மின்மானியால் அளப்பது நல்லது. பழைய காந்தச் சோக்கோடு ஓடும் 36 வாட் டியூப்லைட் உண்மையில் 45 வாட் அளவுக்கு எடுக்கும். இப்படிக் கூட்டி வரும் மொத்தம், ரசீதில் உள்ள ஆண்டு யூனிட்டோடு 10 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு சாதனம் விட்டுப்போயிருக்கும், அல்லது ஓடும் நேரத்தைத் தவறாகக் கணித்திருப்பீர்கள். இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் காரணத்தைத் தேடுங்கள்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கட்டடத்தில் பாதி விளக்குகள் எரியாமல் கிடந்த நிலையில் ரசீது குறைவாகவே இருந்திருக்கும். புதிதாக எல்.இ.டி. போட்டு எல்லா விளக்கும் எரியத் தொடங்கினால் யூனிட் குறையவே குறையாது, சில சமயம் கூடும். திட்டம் தோற்றதாகத் தணிக்கை எழுதும். எனவே எரியாத விளக்குகள், ஓடாத மின்விசிறிகள், பழுதான வெப்பமூட்டிகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே படத்தோடு பதிவு செய்து, ‘எல்லாம் முறையாக இயங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவு’ என்ற திருத்திய அடிப்படையையும் கருத்துருவில் கொடுத்துவிடுங்கள்.

தெருவிளக்குத் திட்டமானால் முதல் கேள்வி மீட்டர் உண்டா என்பதே. விளக்கு எண்ணிக்கைக்கும் வாட்டுக்கும் நிலையான கட்டணம் கட்டும் இணைப்பாக இருந்தால், எல்.இ.டி. மாற்றியபின் புதிய வாட் கணக்கில் கட்டணத்தைத் திருத்தும்படி மின்வாரியத்திடம் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். பெறாவிட்டால் மின்சாரம் மிச்சமாகும், பணம் மிச்சமாகாது. சுழல்நிதிக்குத் திருப்பித் தர ஒன்றும் இருக்காது.

படி 3: சேமிப்பு முதலில், உற்பத்தி பிறகு

கூரையில் பேனல் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா வைக்கலாம். அதனால் குழுக்கள் நேராக அங்கே போகின்றன. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஆண்டுக்கு 16,000 யூனிட் செலவாகும் ஒரு சமூகக் கூடத்தை எடுத்துக்கொள்வோம்.

டியூப்லைட் 40, ஒவ்வொன்றிலும் 45 வாட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. மிச்சம் 1 கிலோவாட். ஆண்டுக்கு 3,000 மணி நேரம் எரிந்தால் 3,000 யூனிட். மின்விசிறி 20, 75 வாட்டுக்குப் பதில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி. 2,000 மணி நேரத்துக்கு 1,800 யூனிட். கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, குளிரூட்டியின் வெப்பநிலையைச் சில டிகிரி உயர்த்தியதில் 1,000 யூனிட். மொத்தம் 5,800 மிச்சம். மீதித் தேவை 10,200 யூனிட். கூரையில் 1 கிலோவாட் ஆண்டுக்கு 1,300 யூனிட் தரும் இடமானால், சேமிப்பு இல்லாமல் 12 கிலோவாட்டுக்கு மேல் பேனல் வேண்டும். சேமிப்புக்குப் பின் 8 கிலோவாட் போதும். தட்டைக் கூரையில் நடைபாதை, இடைவெளி சேர்த்து கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் 40 சதுர மீட்டர் கூரையும் மிச்சம். குளிர்ப் பகுதிகளில் விளக்கின் இடத்தில் கூரைக்கு வெப்பக் காப்பும் காற்றுக் கசிவைத் தடுப்பதும் வரும், வரிசை அதேதான்.

குடிநீர் இறைப்பிலும் பெரிய மிச்சம் கிடைக்கும். பம்பின் திறனை அளக்க மூன்று எண்கள் வேண்டும்: நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மீட்டர் உயரம், மின்மானியில் எத்தனை கிலோவாட். லிட்டரையும் மீட்டரையும் 9.81ஐயும் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் கிலோவாட். நொடிக்கு 10 லிட்டர், 30 மீட்டர் என்றால் 2.94 கிலோவாட். மின்மானி 7.5 காட்டினால் பம்புசெட்டின் திறன் 39 விழுக்காடுதான். 60 விழுக்காடு தரும் பம்புசெட்டுக்கு 4.9 கிலோவாட் போதும். நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 யூனிட் மிச்சம். பம்பை மாற்றும் முன் குழாய்க் கசிவைச் சரிசெய்யுங்கள். கசிவோடு அளந்த ஓட்டத்துக்குப் பம்பு வாங்கினால் தேவைக்கு மேல் பெரியதாகிவிடும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை விற்க வருபவர்கள், வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகும் என்பார்கள். உராய்வை மட்டும் எதிர்த்து ஓடும் பம்புக்கு அது சரி. மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் பம்பில் பெரும்பகுதி வேலை உயரத்தை வெல்வதே. வேகத்தைக் குறைத்தால் ஒரு கட்டத்தில் தண்ணீரே ஏறாது. இத்தகைய இடங்களில் சரியான அளவுப் பம்பே போதும்.

வேலைகளைத் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே தொகுப்பாகக் கேளுங்கள். விளக்கு மாற்றத்தின் செலவு விரைவில் திரும்பும், கூரைக் காப்பின் செலவு திரும்பப் பல ஆண்டு ஆகும். விரைவில் திரும்புவதை மட்டும் முதலில் எடுத்துவிட்டால், மற்றதற்கு எந்த நிதியும் கிடைக்காது. இரண்டும் சேர்ந்தால் சராசரி ஏற்கத்தக்கதாகும்.

படி 4: கூரையும் மின்இணைப்பும்

பேனலும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ எடை. தட்டைக் கூரையில் துளையிடாமல் கான்கிரீட் கட்டைகளை வைத்து நிறுத்தினால் எடை இன்னும் கூடும். எடையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது காற்று. சாய்ந்த பேனலைப் புயல்காற்று அடியிலிருந்து தூக்கும். கட்டமைப்புப் பொறியாளரின் சான்றில் இரண்டும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட வேண்டும். கூரையின் மீதி ஆயுளையும் கேளுங்கள். 25 ஆண்டுப் பேனலை, ஐந்தாறு ஆண்டில் பழுது பார்க்க வேண்டிய கூரையில் ஏற்றினால் எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் செலவு உங்கள் தலையில்.

தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தால், அந்தத் தொடர் முழுவதும் உற்பத்தி குறையும். காலை 9 முதல் மாலை 3 வரை, சூரியன் மிகத் தாழ்வாகப் போகும் மாதத்தில், நிழல் எங்கே விழுகிறது என்று நேரில் பார்த்துப் படமெடுத்துக் கோப்பில் சேருங்கள். மரம் வளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மின்தடையின் போதும் சோலார் ஓடும் என்று ஊரார் நம்புவார்கள். பேனலின் மின்சாரத்தைப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக மாற்றும், வெளி மின்கட்டமைப்போடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், வெளிமின்சாரம் நின்றவுடன் தானே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். தடையிலும் விளக்கும் மருந்துக் குளிர்பெட்டியும் ஓட வேண்டுமானால் பேட்டரி, அதற்கேற்ற இன்வெர்ட்டர், அவசர லோடுகளுக்குத் தனி சர்க்யூட் மூன்றும் வேண்டும். இதை முன்கூட்டியே ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

மின்இணைப்பு அனுமதியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். அந்தப் பகுதி மின்மாற்றியில் இடமில்லை என்று பின்னால் பதில் வந்தால் நிதியின் கெடு முடிந்திருக்கும். உபரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிவா, குறைந்த விலையா, ஒன்றுமே இல்லையா என்பதைப் பொறுத்தே பேனலின் அளவை முடிவு செய்ய வேண்டும். ஒன்றும் கிடைக்காத இடத்தில், பகல்நேரத் தேவைக்கு மேல் ஒரு பேனலும் போடாதீர்கள்.

படி 5: கருத்துருவும் இணைப்புகளும்

நான்கைந்து பக்கம் போதும், இணைப்புகள்தான் எடை தரும்:

- உள்ளாட்சி மன்றத் தீர்மானம், குழுவின் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம்
- கட்டட உரிமை ஆவணம். குத்தகையானால் கடன் அல்லது மானிய நிபந்தனைக் காலம் முடியும்வரை நீளும் ஒப்பந்தம்
- மின்கட்டண அட்டவணை, சாதனக் கணக்கெடுப்பு, படங்கள்
- கட்டமைப்புச் சான்று, மின்இணைப்பு அனுமதி அல்லது விண்ணப்ப ஒப்புகை
- ஒரே விவரக்குறிப்புக்கு வாங்கிய மூன்று விலைப்புள்ளிகள்
- ஆண்டுவாரியாகச் செலவும் சேமிப்பும், பராமரிப்புத் திட்டம், அளவீட்டுத் திட்டம்

மதிப்பீட்டில் 5 முதல் 10 விழுக்காடு எதிர்பாராச் செலவுக்கு வையுங்கள். இன்வெர்ட்டர் 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்ற வேண்டிவரும்; அந்தத் தொகையைக் காட்டாத கணக்கை அனுபவமுள்ள அதிகாரி உடனே கண்டுபிடிப்பார். பேனலின் உற்பத்தி ஆண்டுக்கு அரை விழுக்காடு குறைவதாகக் கணக்கிடுங்கள். மின்கட்டணம் ஆண்டுதோறும் ஏறும் என்று ஊகித்து லாபத்தைப் பெரிதாக்காமல், கட்டணம் மாறாவிட்டால் என்ன ஆகும், சேமிப்பு கணித்ததில் முக்கால் பங்கே வந்தால் என்ன ஆகும் என்ற இரண்டையும் காட்டினால் நம்பிக்கை கூடும்.

இதே செலவுக்கு வேறு துறையிலிருந்தும் மானியம் வாங்கினால் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஒரே ரசீதை இரண்டு இடத்தில் காட்டுவது பணத்தைத் திருப்பிக் கட்ட வைக்கும். அதோடு அந்த ஊரின் அடுத்த விண்ணப்பமும் அடிபடும்.

படி 6: ஒப்பந்தப்புள்ளி

‘நல்ல தரமான 8 கிலோவாட் சோலார்’ என்று கேட்டால் மிக மலிவான பொருள்தான் வரும். விலை குறைந்தவருக்கே கொடுக்க வேண்டிய கட்டாயமும் இருக்கும். எனவே தரத்தை விவரக்குறிப்பிலேயே எழுதுங்கள்: பேனலுக்கு ஐ.இ.சி. என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் 61215, 61730 சான்று, வெளியில் நிற்கும் கேபிளுக்கு புறஊதாக் கதிர் தாங்கும் உறை, துருப்பிடிக்காத போல்ட்டுகள், இன்வெர்ட்டரின் இருபக்கமும் மின்னல் அதிர்வுக் காப்பு, ஏர்த்திங்கின் அளவு. தெருவிளக்கில் எல்.இ.டி. சில்லு கெடுவதைவிட அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் மின்அதிர்வில் எரிவதே அதிகம். 10 கிலோவோல்ட் அதிர்வுக் காப்பைக் கேளுங்கள். வாட்டை மட்டும் குறிப்பிடாமல், விளக்கு தரும் ஒளியின் அளவான லூமனையும், இரு கம்பங்களுக்கு நடுவே தரையில் வேண்டிய குறைந்தபட்ச வெளிச்சத்தையும் எழுதுங்கள்.

பராமரிப்பை 5 ஆண்டுக்கு அதே ஒப்பந்தத்தில் சேர்த்து, பழுது சொன்னபின் எத்தனை நாளில் வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தொகையில் 5 முதல் 10 விழுக்காட்டை ஓராண்டு செயல்பாட்டைப் பார்த்தபின் விடுவிப்பதாக நிறுத்தி வையுங்கள். உத்தரவாதப் பத்திரங்கள் ஒப்பந்ததாரர் பெயரில் இருந்தால், அவர் தொழிலை விட்டுப்போன நாளில் பேனல் நிறுவனம் உங்களுக்குப் பதில் சொல்லாது. கட்டட உரிமையாளர் பெயரில், ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணோடு வாங்குங்கள்.

படி 7: ஏற்புச் சோதனை

பணி நிறைவுச் சான்றில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு தொடரின் மின்னழுத்தம், காப்புத் தடை (இன்சுலேஷன்), ஏர்த்திங் தடை ஆகியவற்றை அளந்து எழுதி வாங்குங்கள். பிறகு ஒரு மாத உற்பத்தியைப் பாருங்கள். அந்த மாதம் பேனல் தளத்தின் ஒரு சதுர மீட்டரில் விழுந்த சூரிய ஆற்றல் 150 யூனிட் என்றால், 8 கிலோவாட்டுக்கு உச்ச அளவு 1,200. மீட்டர் 936 காட்டினால் செயல்திறன் விகிதம் 78 விழுக்காடு. இது சரியான அளவு. 70க்குக் கீழே போனால் நிழல், தூசி, வேலை செய்யாத ஒரு தொடர், அடிக்கடி வெளிமின்னழுத்தம் ஏறி இன்வெர்ட்டர் நிற்பது என்று வரிசையாகத் தேடுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. அது இன்வெர்ட்டரின் பிழைப் பதிவில் தெரியும்.

படி 8: சேமிப்பை நிரூபித்தல்

சேமித்த மின்சாரத்துக்கு மீட்டர் கிடையாது. முன்பு ஆனதற்கும் இப்போது ஆவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சூழ்நிலை மாற்றங்களுக்கு ஏற்பத் திருத்தித்தான் சொல்ல முடியும். ஐ.பி.எம்.வி.பி. என்ற பன்னாட்டு நெறிமுறை இதற்கு நான்கு வழிகளைத் தருகிறது. சிறு திட்டங்களுக்கு இரண்டு போதும். விளக்கு, விசிறி போன்றவற்றுக்கு வாட்டை முன்னும் பின்னும் மாதிரிக்கு அளந்து, ஓடும் நேரத்தை ஒப்புக்கொண்ட எண்ணாக வைப்பது ஒன்று. முழுக் கட்டடத்தின் ரசீதையும் ஒப்பிடுவது இன்னொன்று. சேமிப்பு மொத்தச் செலவில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் இது பொருந்தும், குறைவானால் வழக்கமான ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடும். எந்த வழி என்பதை நிதி வாங்கும் முன்பே உள்ளாட்சியோடு எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

பயன்பாட்டுச் சான்று, ரசீதுகள், வங்கிக் கணக்கறிக்கை, படங்கள் எல்லாம் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே தயாராக இருக்கட்டும். வாங்கிய பொருட்களைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, காப்பீடும் எடுங்கள். மானிய நிபந்தனைக் காலத்துக்குள் கட்டடத்தை விற்றாலோ வேறு பயனுக்கு மாற்றினாலோ பணத்தைத் திருப்பிக் கேட்கும் விதி பல இடங்களில் உண்டு. அந்தத் தேதியைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மாதம் ஒருமுறை மீட்டரைக் குறிக்க ஒருவரையும், அவர் இல்லாதபோது குறிக்க இன்னொருவரையும் தீர்மானத்தில் பெயரோடு நியமியுங்கள். உற்பத்தி போன ஆண்டின் அதே மாதத்தைவிட 15 விழுக்காடு குறைந்தால் பராமரிப்பாளரை அழைக்க வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள். இன்வெர்ட்டர் மாற்றும் தொகையைப் பத்தாகப் பிரித்து, ஆண்டுதோறும் சேமிப்பிலிருந்து எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்கை இயக்க இருவர் கையெழுத்து தேவை என்று வைப்பது நல்லது.